பழம் பத்திரிகைகளுடன் ஒரு பகல்

பத்திரிகைக்கு ஆயுள் ஒரு நாள் என்பர். காலையில் ஆவலுடன் விரிக்கப்படும் தாள் மாலையில் மளிகைக் கடையில் மிளகாய்ப் பொட்டலமாகின்றது. மறுநாள் அடுப்பு மூட்ட உதவுகின்றது. இஃது உலக வழக்கம், இதில் வருந்துதற்கு யாதுமில்லை என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென எமக்கு உணர்த்திய ஓர் ஓய்வு நாளைப் பற்றி ஈண்டுக் கூற விழைகின்றோம். ஓய்வு நாளின் கதையாகத் தொடங்கும் இக்கட்டுரை நம் சமூகத்தின் வரலாறாகவும், ஓரளவு எம்போன்ற கிராணிமாரின் குற்ற வரலாறாகவும் முடியுமாயின் நேயர்கள் பொறுத்தருள்க.

நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்ப்பவர் நாம். எமது பாட்டனாரும் கிராணியே. நாம் கல்வி பயின்றது ஆங்கில வழியில். தமிழெழுத்து வீட்டில் அன்னையாரிடம் கற்றது. ஆதலின் ஆங்கிலத் தாளை ஓடிப் படிக்கும் எமக்குத் தமிழ்த் தாளை நடந்து படிக்கவே இயலும். பெயர்ப் பட்டியல், நிறைக் கணக்கு, சம்பளக் கணக்கு ஆகிய மூன்றுமே எமது நாளை விழுங்குவன. பால்மரம் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கின்றது. பெரட்டில் நம்மவர் நின்ற வரிசையில் இன்று இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் நேப்பாளியரும் நிற்கின்றனர். லயத்தில் எஞ்சியுள்ள தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சில ஆண்டுகட்கு முன்னர் ஆபீசின் பின்கட்டைத் துப்புரவு செய்யுமாறு உத்தரவு வந்தது. அங்கே பழைய செக்ரோல் புத்தகங்களும், அவற்றின் அடியில் கயிற்றாற் கட்டிய தமிழ்ப் பத்திரிகைக் கட்டுகள் சிலவும் கிடந்தன. பாதியைக் கறையான் தின்றிருந்தது. நாமே முன்னின்று அவற்றை வெளியே எடுத்துக் குவித்துத் தீயிட்டோம். அவ்வமயம் சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர், அத்தோட்டத்தில் முன்னாளிற் பால் வெட்டியவர், எண்பதை நெருங்கியவர், எம்மைக் கண்டதும் சைக்கிளை விட்டிறங்கி, அதைப் பிடித்தபடியே சிறிது நேரம் நின்றார்.

"அந்தப் புஸ்தகத்துல எங்கப்பா பேரு இருந்திருக்கும், கிராணி ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாமும் மறுமொழி கூறவில்லை. தீ நன்றாகப் பற்றிக்கொண்டது.

அவ்வொரு சொல் எம்மை விட்டு அகலவில்லை. அதன் பின்னரே தோட்டத் தமிழரின் வரலாற்றைக் கூறும் நூல்களைத் தேடிப் படிக்கலானோம். அந்நூல்களுள் ஒன்றில், 1941 ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் விடுத்த பன்னிரண்டு கோரிக்கைகளைக் கண்டோம். அவற்றுள் ஒன்று எம்மைத் திடுக்கிடச் செய்தது. அஃது யாதென்பதைப் பின்னர்க் கூறுவாம். அக்காலப் பத்திரிகைகளை நேரிற் கண்டாலன்றி எமது மனம் அமையாதென்று தோன்றிற்று.

சுருளில் உறங்கும் தாள்கள்

ஒரு சனிக்கிழமை வேலை முடித்து, சிரம்பானில் இரவுப் பேருந்து ஏறி, விடியலில் சிங்கப்பூர் சேர்ந்து, விக்டோரியா வீதியிலுள்ள தேசிய நூலகத்தின் கதவு திறக்குமட்டும் காத்திருந்தோம். மலாயாத் தமிழரின் செய்தியைத் தேடச் சிங்கப்பூருக்குச் செல்வானேன் என நேயர்கள் வினவலாம். போருக்கு முந்திய காலத்தில் தீபகற்பமும் சிங்கப்பூரும் பத்திரிகைக்கு ஒரே சந்தை. சிங்கப்பூரில் அச்சான தாள் இரயிலேறிச் சிரம்பானுக்கும், அங்கிருந்து தோட்டத்துக்கும் வந்தது. அந்நூலகம் அத்தாள்களை நுண்படச் சுருளாகவும், கணினியிற் காணத்தக்க உருவாகவும் காத்து வருகின்றது. கோலாலம்பூரிலும் தேசிய நூலகமும், மலாயாப் பல்கலைக் கழகத்தின் நூலகமும் உள்ளன. அவற்றையும் நாம் பின்னர் நாடினோம். ஆயினும் முதற் பகல் சிங்கப்பூரிலேயே கழிந்தது.

பத்திரிகைத் தாள் ஏன் இவ்வளவு விரைவில் அழிகின்றது? பண்டைய காகிதம் கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டமையின் நூற்றாண்டுகள் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காகிதஞ் செய்யும் முறை பரவிற்று. தாள் மலிந்தது, பத்திரிகையும் மலிந்தது. ஆயின் மரக்கூழில் எஞ்சும் லிக்னின் என்னும் பொருள் வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளித்து, அமிலத்தைப் பிறப்பித்து, தாளை அப்பளம்போல் நொறுக்கிவிடுகின்றது. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அதற்குத் துணை. எஞ்சியதைக் கறையானும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொள்ளும். எந்த மலிவு ஏழைத் தொழிலாளியின் கைக்குப் பத்திரிகையைக் கொணர்ந்ததோ, அந்த மலிவே அதன் அழிவுக்கும் வித்தாயிற்று. நுண்படம் எடுத்துச் சுருளாகக் குளிர்ந்த அறையில் வைத்தாலன்றி அதற்கு உய்வில்லை.

சுருளைக் கருவியிற் பூட்டிக் கைப்பிடியைச் சுழற்றினோம். பக்கங்கள் ஆற்று வெள்ளம்போல் ஓடின. வேண்டிய நாளில் நிறுத்துவது எளிதன்று. கண் வேண்டாததில் நிற்கும். கை அதன் பின்னே நிற்கும். நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் புறப்படும் கப்பல் விளம்பரம், மருந்து விளம்பரம், தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் தேவை என்னும் அறிவிப்பு, கள்ளுக்கடையை மூடவேண்டும் என்னும் கடிதம், ஒரு கலியாணச் செய்தி, அதன் பக்கத்திலேயே ஒரு மரணச் செய்தி. இவை எவையும் நூல்களிற் காணக் கிடையா. நூல் என்பது பின்வந்தோர் பொறுக்கியெடுத்து அடுக்கியது. பத்திரிகையோ, அன்று வாழ்ந்தோர் நாளை நடப்பதறியாமல் எழுதியது. அவ்வறியாமையே அதன் பெருஞ்சிறப்பு என்று எமக்குத் தோன்றிற்று. 1941 ஆம் ஆண்டு நவம்பர்த் தாளில் பொங்கலைப்பற்றி எண்ணுவோர், டிசம்பரில் தம் தலைமேற் குண்டு விழப்போவதை அறியார். அதைப் படிக்கும் நாம் அறிவோம். அவ்வேளையில் நெஞ்சு கனக்கின்றது.

இந்நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகள்

நேயர்கட்கு இந்நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளின் வழியைச் சுருங்கச் சொல்லுவாம். சிங்கப்பூரில் 1875 ஆம் ஆண்டில் "சிங்கை வர்த்தமானி" தோன்றிற்று. அதன் பின்னர், 1887 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், விக்டோரியா மகாராணியின் பொன்விழா வேளையில், சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் "சிங்கை நேசன்" என்னும் வார இதழைத் தொடங்கினார். அஃது 1890 வரை நடைபெற்றது. இன்று நம் கைக்கெட்டும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகைகளுள் அதுவே மூத்தது. அவர் 1888 இல் அவ்விதழில் எழுதிய "வினோத சம்பாஷணை" தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒன்றென ஆராய்ச்சியாளர் போற்றுவர். வணிகரும் கப்பல் முகவரும் நிறைந்த ஒரு துறைமுகத்தில், ஒரு நூறு ஆண்டுக்கு முன்னரே, தமிழில் அச்சுக்கூடமும் வாரப் பத்திரிகையும் நடத்தினர் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனைபேர் அறிவர்?

அக்காலப் பத்திரிகை நகரத்தாருக்கு உரியது. தோட்டத்துச் சஞ்சிக்கூலிக்கு அதில் இடமில்லை. 1891 ஆம் ஆண்டில் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் ரப்பர் வந்தது. அதனுடன் கங்காணிமாரின் மூலம் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பெயர்ந்து வந்து இங்கே லயங்களாயின. சஞ்சிக்கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது 1910 இல் நிறுத்தப்பட்டது. தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை லயத்திலே தோன்றியபொழுதுதான் தோட்டத்துக்கும் பத்திரிகை தேவையாயிற்று.

1924 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கோலாலம்பூரில் கி. நரசிம்ம ஐயங்கார் அவர்கள் "தமிழ் நேசன்" வார இதழைத் தொடங்கினார். 1937 இல் அது நாளிதழாயிற்று. சிங்கப்பூரில் 1929 இல் "முன்னேற்றம்" வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஈ. வெ. ராமசாமி அவர்கள் மலாயாவுக்கு வந்து ஊர்தோறும் பேசினார். சீர்திருத்த வேகம் பரவிற்று. 1935 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் இதழாகத் "தமிழ் முரசு" எழுந்தது. அதன் ஆசிரியராய் விளங்கிய கோ. சாரங்கபாணி அவர்களின் பெயரை அறியாத தமிழர் அந்நாளில் மலாயாவில் அரியர். நேசனும் முரசும் பல செய்திகளில் எதிரெதிராய் நின்றன. ஒன்று சொல்வதை மற்றது மறுக்கும். இப்பூசல் நமக்குப் பெருநன்மை. ஒருவர் மறைத்ததை மற்றவர் எழுதியிருப்பர் அன்றோ? பழம் பத்திரிகை படிப்போர் எப்பொழுதும் இரண்டைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

தோட்டத்தில் ஒரு பத்திரிகை ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. ஆசிரியரோ, படிக்கத் தெரிந்த இளைஞரோ உரக்கப் படிக்க, சுற்றியிருப்போர் கேட்பர். ஆதலின் ஒரு தாளுக்கு ஒரு வாசகர் என்று கணக்கிடுவது நம் தோட்டங்கட்குப் பொருந்தாது. சம்பளக் கணக்கு எழுதும் எமக்குக் காசைப் பற்றிய செய்திகளே முதலிற் கண்ணிற் பட்டன. 1920 ஆம் ஆண்டுகளின் இறுதியில் நாட்சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என நியமிக்கப்பட்டது. பொருளாதார மந்தம் வந்ததும் அது வீழ்ந்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936 ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் இந்திய சர்க்காரின் சார்பில் வந்து பார்வையிட்டார். 1937 இல் பழைய 50, 40 காசு மீண்டது. மறு ஆண்டே 45, 36 எனக் குறைந்தது. 1938 ஆம் ஆண்டு ஜூன் 15 ஆம் நாளிலிருந்து உதவிபெற்ற தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை இந்திய சர்க்கார் தடை செய்தது. இவ்விலக்கங்களை வரலாற்று நூலில் ஒரே வரியிற் படித்துவிடலாம். ஐந்து காசு குறைந்தது என்பதன் பொருள், ஒரு தாள் வாங்கும் காசும் ஒரு படி அரிசி வாங்கும் காசும் ஒரே மடியிலிருந்து எடுக்கப்பட வேண்டிய லயத்து வீட்டில்தான் தெரியும்.

சைக்கிளும் கிராணியும்

இனி நாம் தேடிச் சென்ற செய்திக்கு வருவோம். 1937 மார்ச்சில் சிலாங்கூரிலும் நமது நெகிரி செம்பிலானிலும் சீனத் தொழிலாளர் வேலை நிறுத்தஞ் செய்து கூலியுயர்வு பெற்றனர். அதே மரத்தில் அதே பாலை வெட்டும் தமிழருக்கு அவர்களினுங் குறைந்த கூலியே கிடைத்தது. 1941 ஆம் ஆண்டில், போர்த் தேவையால் ரப்பருக்கு நல்ல கிராக்கி இருந்த வேளையில், கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை ஒன்று திரட்டியவருள் தலையாயவர் ஆர். எச். நாதன். அவர் தமிழ் நேசனின் ஆசிரியர் குழுவில் இருந்தவர். பத்திரிகையாளர் ஒருவர் தோட்டத் தொழிலாளரின் தலைவரானது அக்காலத் தமிழ்ப் பத்திரிகைக்கும் லயத்துக்கும் இருந்த உறவைக் காட்டும்.

அவர்கள் விடுத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனருக்கு ஒப்பான கூலி, பிள்ளைகட்குத் தக்க கல்வி, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேச்சுரிமையும் கூட்டவுரிமையும், உற்றாரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோதல், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழித்தல், குறை கூறியவரைப் பழிவாங்காமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியன அவற்றுள் ஒன்பது. இவையெல்லாம் துரைமாரையும் சர்க்காரையும் நோக்கியவை. எஞ்சிய மூன்றும் எம்மையும் நோக்கியவை. கொடுமை செய்யும் ஆசிய உத்தியோகஸ்தரை நீக்கித் தமிழறிந்தவரை அமர்த்த வேண்டும் என்பது ஒன்று. ஐரோப்பியரும் "கறுப்பு ஐரோப்பியரும்" தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவது, துரையின் முன்னும் ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் தொழிலாளி சைக்கிளை விட்டிறங்காமற் செல்ல அனுமதி வேண்டும் என்பது.

இதைப் படித்தபொழுது எமது கண்முன் நின்றது தீக்குவியலருகே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்முதியவரின் உருவமே. முதுமையின் பணிவென்றும், எம்மீதுள்ள அன்பென்றும் நாம் இத்தனை ஆண்டுகள் எண்ணி மகிழ்ந்த அச்செயல், ஒரு காலத்தில் மனிதர் வேலை நிறுத்தஞ் செய்து ஒழிக்க முயன்ற இழிவென்று அறிந்தோம். யாழ்ப்பாணத்தாரும் மலையாளத்தாரும் தமிழ்நாட்டாருமாய் ஆங்கிலங் கற்றோரே அக்காலக் கிராணிமார். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே பாலமாயிருக்க வேண்டியவர் பலர் மதிலாய் நின்றனர். தொழிலாளிக்கு மனு எழுதிக் கொடுத்த நல்லவரும் உண்டென முதியோர் கூறுவர். அதை மறுக்கவில்லை. ஆயினும் சைக்கிள் கோரிக்கை எழுதப்பட்டதற்கு அந்நல்லவர் காரணரல்லர். எமது பாட்டனார் அந்நாளில் இளங்கிராணி. அவர் முன்னிலையிலும் சைக்கிள்கள் நின்றிருக்கும்.

1941 ஆம் ஆண்டு மே மாதத்து ஆங்கிலத் தாள்களை அன்று பிற்பகல் முழுதும் படித்தோம். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதாகிப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலை நிறுத்தம் பரவிற்று. இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். மே 16 ஆம் நாள் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். வெளியார் தூண்டுதலால் விளைந்த கலகம் என்பதே சர்க்காரின் கட்சி. ஒரு பத்தியில் அன்றைய ரப்பர் விலை. மற்றொரு பத்தியில் கிள்ளான் செய்தி. ஆங்கிலத் தாளை ஓடிப் படிக்கும் நாம் அன்று நடந்தே படித்தோம். அதில் தொழிலாளி பேசப்படுகின்றான், அவன் பேசுவதில்லை. அவன் பேசியதைக் கேட்க வேண்டுமாயின் தமிழ்த் தாளுக்கே வரவேண்டும். நம் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஆங்கில அறிக்கைகளைக் கொண்டே எழுதினர் என்பதை எண்ணுங்கால், ஒரு தமிழ்ப் பத்திரிகைக் கட்டை எரிப்பது ஒரு சாட்சியின் வாயைப் பொத்துவது என்றே சொல்ல வேண்டும். அச்சாட்சி எமது இனத்தவருக்கு எதிராகவும் பேசுகின்றது என்பதனாலேயே எம்போன்றோர் அதைக் காக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பேசாத பக்கங்கள்

1942 ஆம் ஆண்டு பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. முரசு நின்றது. ஜப்பானியர் ஆட்சியில் "சுதந்திர இந்தியா", "யுவபாரதம்" என்பன போன்ற தமிழ்த் தாள்கள் இந்திய சுதந்திரச் சங்கத்தின் வழியில் வெளிவந்தன. ஆட்சியாளர் விரும்பாத செய்திக்கு அவற்றில் இடமேது? அதே காலத்தில்தான் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதிற் செத்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. செத்த தமிழருக்குப் பெயர்ப் பட்டியலில்லை. பெயர் எழுதும் வேலை கிராணியுடையது. செய்தி எழுதும் வேலை பத்திரிகையுடையது. இரண்டும் மௌனமான காலத்தில் ஒரு சமூகம் எப்படிக் கணக்கிலின்றி மறையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

போருக்குப் பின் பத்திரிகைகள் மீண்டெழுந்தன. தொழிற்சங்கங்கள் தோன்றின, நெகிரி செம்பிலானில் சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன் போன்றோர் முயற்சியால் 1954 இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1950 ஆம் ஆண்டுகளில் நேசனின் கதை வகுப்பும் முரசின் மாணவர் மணிமன்றமும் தோட்டத்து இளைஞரை எழுத்தாளராக்கின. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நீலாயிலும் செண்டாயானிலும் மரம் நின்ற இடங்களில் வீடுகள் நிரையாய் எழுந்துள்ளன. தமிழ் நேசனும் 2019 ஆம் ஆண்டு பிப்ரவரியுடன் நின்றுவிட்டது. தொண்ணூற்று நான்கு ஆண்டுத் தாள்கள் இனி வளரா, குறையத்தான் கூடும்.

எரித்தவரும் காத்தவரும்

1981 ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. உலகத் தமிழர் இன்றளவும் அதற்காகக் கண்ணீர் வடிக்கின்றனர், வடிக்க வேண்டியதே. அங்கே எரித்தவர் பகைவர். இங்கே, எமது ஆபீசின் பின்புறத்தில், எரித்தவர் யார்? சம்பளம் வாங்கும் தமிழ்க் கிராணி. தமிழ் படிக்கத் தெரிந்தவர். கட்டிட்டு வைத்த கயிற்றைத் தம் கையாலே அறுத்தவர். பகைவன் எரித்தது ஊரறிய எரிந்தது. நாம் எரித்தது குப்பையென்று எரிந்தது. இதைச் சொல்லிக்கொள்ள நாணமாகவே உள்ளது. சொல்லாமல் விடுவது அதனினும் நாணம்.

காத்தவரையும் நினைப்போம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் ஓவியர், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், தம் வாழ்நாளெல்லாம் பழந்தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டுத் தாள்களையும் திரட்டினார். அவர் 1992 இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக் கழகம் அத்தொகுப்பை வாங்கி, அதைத் தமிழ் மண்ணிலேயே நிலைபெறச் செய்தது. இன்று அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாய் விளங்குகின்றது. ஏறத்தாழ ஓர் இலட்சம் பொருள்கள். பெருஞ்செல்வரும் பேரறிஞருமா அவர்? அல்லர். எரிக்க மனம் வராத ஒரு மனிதர்; அவ்வளவே.

எமது வேண்டுகோள்

இரவுப் பேருந்தில் திரும்பித் திங்கட்கிழமை பெரட்டுக்கு வந்து சேர்ந்தோம். அன்று மாலை தோட்டத்துச் செம்மண் பாதையில் அம்முதியவர் சைக்கிளில் எதிரே வந்தார். வழக்கம்போல் இறங்கலானார். நாம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி முன்னரே இறங்கிவிட்டோம்.

"இறங்க வேண்டாம், தாத்தா. நீங்க போங்க" என்றோம்.

"இருக்கட்டுங்க ஐயா, பழகிப்போச்சு. எங்கப்பா சொல்லிக் குடுத்தது" என்றார்.

"உங்கப்பா பேர் என்ன, தாத்தா?" என்று கேட்டோம். அவர் எம்மைச் சற்று நேரம் பார்த்தார். பின்னர்ப் பெயரைச் சொன்னார். தந்தையார் புறப்பட்ட ஊர், ஏறிய கப்பல், வந்திறங்கிய துறை, முதற்சம்பளம், சயாமுக்குப் போய்த் திரும்பாத சிற்றப்பன், இவையெல்லாம் அந்தப் பாதையோரத்திலேயே நின்றபடி சொன்னார். பையிலிருந்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். எரித்த புத்தகத்துக்கு அது ஈடாகாது. ஆயினும் அன்று தொட்டு ஞாயிறுதோறும் ஒரு வீட்டிற்குச் சென்று எழுதி வருகின்றோம்.

நேயர்களே, எமது வேண்டுகோள் பெரிதன்று. உங்கள் பெட்டியடியில், பரணில், கோவில் அறையில், பள்ளி அலமாரியில் பழைய தமிழ்ப் பத்திரிகையோ, சங்கத்து அறிக்கையோ, பள்ளிப் பதிவேடோ, புகைப்படமோ கிடக்குமாயின், அதைக் கறையானுக்கும் தீக்கும் கொடாதீர்கள். நகரத்திலுள்ளோர் அதை நூலகத்திற் சேர்க்கலாம். தோட்டத்திலுள்ளோர் பள்ளி ஆசிரியரிடம் காட்டலாம். இன்று கைப்பேசியாற் படமெடுத்து வைப்பதும் ஒரு நொடி வேலை. ஓய்வு நாளில் ஒரு முறையேனும் உங்கள் பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்துச் சென்று, அவர்தம் பாட்டன் காலத்துத் தாளொன்றைக் காட்டுங்கள். தோட்டத்து ஆபீசுகளில் வேலை பார்க்கும் எமது கிராணி நண்பர்கட்கு மட்டும் ஒரு சொல் மிகுதியாக உண்டு. பின்கட்டைத் துப்புரவு செய்ய உத்தரவு வந்தால், தீப்பெட்டியை எடுக்குமுன் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். அதில் நம்மைப்பற்றி நல்லது எழுதியிராவிடினும், படித்துவிட்டு, பத்திரமாய் வையுங்கள்.